இத்தாலியக் குடியுரிமை: வழக்கறிஞருக்கு முன் ஒரு தேதி

தாத்தா இத்தாலியர், பாட்டி இத்தாலியர் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது வழக்கறிஞரை. முதலில் தேட வேண்டியது ஒரு தேதியை. இத்தாலியை விட்டுப் போன மூதாதை, குடியேறிய நாட்டின் குடியுரிமையை எந்த நாளில் எடுத்தார்? அல்லது கடைசிவரை எடுக்கவே இல்லையா? இதற்கான பதில் காகிதமாகக் கையில் இல்லாதவரை, "முடியும்" என்று எந்த வழக்கறிஞர் சொன்னாலும் அது ஊகம்தான்.

வம்சாவளிக் குடியுரிமையை இத்தாலி புதிதாகக் கொடுப்பதில்லை. பிறந்த நாளிலிருந்தே உங்களிடம் இருப்பதாகச் சட்டம் கருதும் ஒன்றை அங்கீகரிக்கிறது, அவ்வளவுதான். அதனால் இந்த வழியில் மொழித் தேர்வும் இல்லை, விசுவாசப் பிரமாணமும் இல்லை. முழு வேலையும் நிரூபணம்: மூதாதை இத்தாலியர், தன் பிள்ளை பிறந்தபோதும் இத்தாலியராகவே இருந்தார், அந்தப் பிள்ளை அடுத்த தலைமுறை பிறக்கும்வரை அதை இழக்கவில்லை என்று ஒவ்வொரு கண்ணியாகக் காட்ட வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை.

2025 மார்ச் 28 மாற்றியது என்ன

அன்று வந்த 36ஆம் எண் அவசரச் சட்டம், 2025 மே 23 தேதியிட்ட 74ஆம் எண் சட்டமாக நிலைபெற்றது. அதற்கு முன் தலைமுறைக்கு வரம்பு கிடையாது. 1880-இல் பிரேசிலுக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் தாத்தா போதும். இப்போது 1992ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் நுழைந்திருக்கும் புதிய பிரிவு, வெளிநாட்டில் பிறந்து வேறொரு குடியுரிமையும் வைத்திருப்பவர் இத்தாலியக் குடியுரிமையைப் பெற்றதே இல்லை என்று கருதுகிறது. சட்டம் வருவதற்கு முன்பே பிறந்தவர்களுக்கும் இது பொருந்தும். விலக்குகள் சில, இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்:

- 2025 மார்ச் 27, ரோம் நேரம் இரவு 11:59-க்குள் முழு ஆவணங்களுடன் விண்ணப்பமோ வழக்கோ தாக்கல் ஆகியிருக்க வேண்டும். அல்லது அந்த நாளுக்குள் அலுவலகம் முன்பதிவுத் தேதியைத் தெரிவித்திருக்க வேண்டும்.
- பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ இத்தாலியக் குடியுரிமையை மட்டும் வைத்திருக்க வேண்டும். இறந்துவிட்டவரென்றால், இறக்கும்போது அதை மட்டும் வைத்திருந்திருக்க வேண்டும்.
- பெற்றோரில் ஒருவர், இத்தாலியக் குடியுரிமை பெற்ற பிறகும் பிள்ளை பிறக்கும் முன்பும், இத்தாலியில் தொடர்ந்து 2 ஆண்டுகளாவது வசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது விலக்கில் வரும் "மட்டும்" என்ற சொல்லில்தான் பெரும்பாலான கோப்புகள் விழுகின்றன. மார்ச் மாதத்து அவசரச் சட்டத்தில் அந்த இடத்தில் "இத்தாலியில் பிறந்த" என்று இருந்தது. நாடாளுமன்றம் மே மாதத்தில் அதை மாற்றிவிட்டது. இணையத்தில் இன்னும் பல பக்கங்கள் பழைய வாசகத்தையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. தாத்தா நேப்பிள்ஸில் பிறந்தார் என்பது மட்டும் இப்போது போதாது.

ஓர் உதாரணம். 1921-இல் இத்தாலியின் அப்ரூட்சோவில் பிறந்தவர் 1949-இல் அர்ஜென்டினா போகிறார். அந்நாட்டுக் குடியுரிமையை எடுக்கவே இல்லை, 1990-இல் இறக்கிறார். 1953-இல் புயனஸ் ஐரிஸில் பிறந்த மகனுக்கும், 1984-இல் பிறந்த பேத்திக்கும் வழி திறந்திருக்கிறது. பேத்தியின் பிள்ளைக்கு அது தானாக வராது. அந்தப் பிள்ளையின் தாயும் தாத்தாவும் இரட்டைக் குடியுரிமைக்காரர்கள், இத்தாலியில் வாழாதவர்கள். சிறுவர்களுக்குப் பெற்றோர் தனியாக அறிவிப்புச் செய்யும் வழி ஒன்று உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. கோப்பைத் திறக்கும் நாளிலேயே அதைத் தனிக் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

இதே தாத்தா 1990-இல் இறக்காமல், 1995-இல் அர்ஜென்டினாக் குடியுரிமை எடுத்திருந்தால்? 1992 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு வேறு குடியுரிமை எடுத்தவர் இத்தாலியக் குடியுரிமையை இழக்கவில்லை. ஆனால் "மட்டும்" போய்விட்டது. அந்தத் தேதிக்கு முன் விரும்பி எடுத்திருந்தால் இத்தாலியக் குடியுரிமையே போயிருக்கும். இந்த "மட்டும்" என்பதை எந்த நாளில் அளப்பது, விண்ணப்பதாரர் பிறந்த நாளிலா, மூதாதை இறந்த நாளிலா என்பது பல கோப்புகளின் உயிர்நாடி. வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் சட்டக் கேள்வி இது. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கொள்ளுத்தாத்தா வழக்குகளை, புதிய சட்டமே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்ற வாதத்தின் மேல் ஏற்கிற வழக்கறிஞர்களும் உண்டு. டுரின் நீதிமன்றம் 2025 ஜூனில் இந்தக் கேள்வியை அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பியது. இந்த வாதத்தை யாராவது உங்களுக்கு விற்றால், அது இன்றைக்கு எந்தத் தீர்ப்பில் எங்கே நிற்கிறது என்று தீர்ப்பு எண்ணுடன் கேளுங்கள். எண் வராவிட்டால் பணமும் போக வேண்டாம்.

பழைய சட்டத்தின் முடிச்சுகள்

புதிய வாசலைத் தாண்டியவர்கள் பழைய விதிகளையும் தாண்ட வேண்டும். இத்தாலி என்ற அரசு பிறந்தது 1861 மார்ச் 17-இல். அதற்கு முன் இறந்தவர் இத்தாலியரல்லர். இன்று இத்தாலியில் இருக்கும் திரெந்தோ, திரியெஸ்தே பக்கத்திலிருந்து 1920 ஜூலை 16-க்கு முன் போனவர்கள் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பிரஜைகள். அவர்களின் சந்ததிக்கென்று வந்த சிறப்புச் சட்டத்தின் காலக்கெடு 2010 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தாய் வழியாகக் குடியுரிமை போகாது. 1948 ஜனவரி 1-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கே தூதரகங்கள் தாய் வழியை ஏற்கின்றன. பாட்டி இத்தாலியர், அப்பா பிறந்தது 1946 என்றால் தூதரக வாசலில் நிற்பதில் பயனில்லை. உச்ச நீதிமன்றமான கசாசியோனே 2009-இல் 4466ஆம் எண் தீர்ப்பில் இந்தப் பாகுபாட்டை ஒதுக்கியது. அதை வைத்து நீதிமன்றம் வழியாக மட்டுமே வாங்க முடியும். "1948 வழக்கு" என்று சொல்வது இதைத்தான். வழக்கறிஞர் கட்டாயம் வேண்டியிருக்கும் கோப்பு இது.

சிறுவர் சிக்கல் என்று இன்னொன்று. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை மைனராக இருக்கும்போதே தந்தை அமெரிக்கக் குடியுரிமை எடுத்தால் பிள்ளையின் இத்தாலியக் குடியுரிமை என்னவாகும்? நெடுங்காலம் "ஒன்றும் ஆகாது" என்றே அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன. கசாசியோனே 2023-இலும் 2024-இலும் மாற்றிச் சொல்ல, 2024 அக்டோபர் 3-இல் உள்துறை அமைச்சின் சுற்றறிக்கையும் அதன் வழியே போனது: பிள்ளையும் இழந்துவிட்டது. 1975 மார்ச் 10 வரை இத்தாலியில் மேஜராகும் வயது 21 என்பதை மறக்க வேண்டாம். 19 வயது மகன் "பெரியவன்" என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. புதிய சட்டத்துக்குப் பின் இது முக்கியமாகக் குறிப்பது, ஏற்கெனவே தாக்கலாகி நிலுவையில் இருக்கும் கோப்புகளை.

காகிதம் சேர்ப்பது

இத்தாலியில் தொடங்காதீர்கள். குடியேறிய நாட்டில் தொடங்குங்கள். அறுந்த கண்ணி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அமெரிக்காவில் 1906 செப்டம்பர் 27-க்கு முந்தைய குடியுரிமைப் பதிவுகள் உள்ளூர் நீதிமன்றங்களில் கிடக்கின்றன. அதற்குப் பிந்தையவற்றின் பிரதி குடிவரவுத் துறையிலும் உண்டு. அத்துறையின் வம்சாவளிப் பிரிவில் முதலில் அட்டவணைத் தேடல், பிறகு கோப்பின் நகல் என்று இரண்டு படி. தேடலுக்கு முன் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். குடியுரிமைப் பத்தியில் "ஏ.எல்." என்றால் அந்நியர், "பி.ஏ." என்றால் முதல் காகிதம் (குடியுரிமை எடுக்கும் எண்ணத்தை அறிவிப்பது) மட்டும் போட்டவர், "என்.ஏ." என்றால் குடியுரிமை எடுத்தவர். சட்ட ஆதாரமாக அது நிற்காது, ஆனால் எந்தப் பத்தாண்டில் தேடுவது என்று காட்டும். பதிவே இல்லையென்றால் "பதிவு இல்லை" என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். பிரேசிலில் அதை நீதி அமைச்சு தருகிறது, அர்ஜென்டினாவில் தேசியத் தேர்தல் நீதிமன்றம் தருகிறது. இந்த இல்லாமைச் சான்றிதழில்தான் மிக அதிகமாகக் கோட்டை விடுகிறார்கள். ஜுசெப்பே என்று மட்டும் தேடச் சொன்னால், அதே ஆள் ஜோசே என்ற பெயரில் குடியுரிமை எடுத்தாரா என்று அது சொல்லாது. ஆவணங்களில் எங்கெல்லாம் எந்த எழுத்தில் பெயர் வருகிறதோ அத்தனையையும் வரிசையாகக் கொடுத்துச் சான்றிதழிலும் அத்தனையும் வரவேண்டும் என்று கேளுங்கள். 2025 சட்டத்துக்குப் பின், இழப்புக்கான காரணம் எதுவும் இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். சாட்சி சொல்வதும் சத்தியம் செய்வதும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. காகிதம் பேச வேண்டும்.

இத்தாலியப் பக்கம் வேண்டியது மூதாதையின் பிறப்புப் பதிவு, திருமணம் அங்கே நடந்திருந்தால் அதன் பதிவும். கொடுப்பது அவர் பிறந்த ஊரின் நகராட்சி, இத்தாலியர் சொல்லும் கொமூனே. அங்குள்ள குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு இத்தாலிய மொழியில் எழுதுங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், குடியுரிமைக்காக என்ற காரணம், உங்கள் அடையாள அட்டை நகல். பெற்றோர் பெயருடன் வரும் பதிவு, முடிந்தால் முழுப் பிரதி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தேதியும் ஊரும் மட்டுமுள்ள சாதாரணச் சான்றிதழ் பயன்படாது. நூறாண்டைத் தாண்டிய, பிறருடைய பதிவுக்கு 300 யூரோ வரை வாங்க 2025 முதல் நகராட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. ஆண்டையும் பெயரையும் துல்லியமாகச் சொன்னால் தொகையைக் குறைக்கவும் இடமுண்டு. ஆகவே எழுதும் முன், அரசு ஆவணக் காப்பகங்களின் இலவச இணையதளமான ஆந்தெனாதியில் பதிவேட்டுப் பக்கத்தையும் பதிவு எண்ணையும் தேடிப்பாருங்கள். எல்லா மாவட்டமும் அதில் இல்லை.

ஊர் தெரியாது என்பவர்களுக்கு: கப்பல் பட்டியல், குடியுரிமை மனு, தேவாலயத் திருமணப் பதிவு மூன்றிலும் ஊர் பெயர் வர வாய்ப்புண்டு. மாவட்டம் மட்டும் தெரிந்தால் இராணுவச் சேர்க்கைப் பட்டியல்கள் உதவும். பிறந்த ஆண்டு வாரியாக அவை அரசுக் காப்பகத்தில் இருக்கின்றன. தெற்கில் குடிமைப் பதிவு 1809-இலும் சிசிலியில் 1820-இலும் தொடங்கிவிட்டது. வெனேத்தோவில் 1871-இல்தான். அதற்கு முன் பிறந்தவருக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும். அதில் மறைமாவட்ட ஆயர் அலுவலகத்தின் சான்றொப்பமும் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆவணம் ஒவ்வொன்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாடே பிற நாடுகளுக்கு உறுதிசெய்வது), பிறகு இத்தாலிய மொழிபெயர்ப்பு. வரிசை மாறினால் அப்போஸ்டில் மொழிபெயர்க்கப்படாமல் நின்றுவிடும். அமெரிக்க மாநில ஆவணத்துக்கு அந்த மாநிலச் செயலர், மத்திய அரசின் குடியுரிமைக் கோப்புக்கு வாஷிங்டனிலுள்ள வெளியுறவுத் துறை. நியூயார்க் நகரப் பிறப்புச் சான்றிதழ் தனிக்கதை: சுகாதாரத் துறையின் சான்றுறுதிக் கடிதம், பிறகு மாவட்ட எழுத்தர், அப்புறம்தான் மாநில அப்போஸ்டில். மொழிபெயர்ப்பை இத்தாலிய நீதிமன்றத்தில் சத்தியம் செய்து உறுதிப்படுத்தினால் 4 பக்கத்துக்கு ஒரு 16 யூரோ முத்திரைத்தாள்.

பெயர் பிழை இல்லாத கோப்பே கிடையாது. ஜொவான்னி ஜான் ஆவதை எல்லோரும் புரிந்துகொள்வார்கள். பிறந்த ஆண்டு மாறுவது, தாயின் குடும்பப்பெயர் வேறாக வருவது, ஊர் மாறுவது ஆகியவைதான் ஆபத்து. மூதாதையின் இத்தாலியப் பிறப்புப் பதிவை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு ஆவணத்தையும் ஒரு தாளில் பத்தி பிரித்து ஒப்பிடுங்கள்: பெயர், தேதி, ஊர், பெற்றோர். முரண்பாடு மூதாதைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு கெடுதல். சிலவற்றைப் பதிவு அலுவலகமே திருத்தும். சிலவற்றுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று உள்ளூர் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். திருத்திய பிறகே அப்போஸ்டில். முந்திக்கொண்டால் இரண்டு முறை செலவு.

மூன்று வாசல்

தூதரகம் என்றால் நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய துணைத் தூதரகம்தான், விருப்பப்பட்ட ஊர் கிடையாது. பிரெனோத்தாமி என்ற தளத்தில் முன்பதிவு. 2025 முதல் வயது வந்த ஒருவருக்கு 600 யூரோ. நிராகரித்தாலும் திரும்பாது.

இரண்டாவது வாசல் இத்தாலியில் போய் வசித்து நகராட்சியில் விண்ணப்பிப்பது. வாடகை ஒப்பந்தம் இருந்தால் போதாது, நகரக் காவலர் வீட்டுக்கு வந்து நீங்கள் உண்மையிலேயே அங்கே வாழ்கிறீர்களா என்று பார்ப்பார். முகவரியை மட்டும் விற்கும் தரகர்களிடம் போனால், பின்னாளில் குடியுரிமையே ரத்தாகலாம். நகராட்சியும் 600 யூரோ வரை வாங்கலாம்.

மூன்றாவது நீதிமன்றம். 2022 ஜூன் 22 முதல் எல்லா வழக்கும் ரோமில் என்ற நிலை போய், மூதாதை பிறந்த ஊர் எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அங்கே தாக்கல். விச்சென்சா என்றால் வெனிஸ், கொசென்சா என்றால் கத்தன்சாரோ, அக்ரிஜெந்தோ என்றால் பலெர்மோ. எதிர்த்தரப்பு உள்துறை அமைச்சு, அதற்காக வாதாடுவது அரசு வழக்கறிஞர் அலுவலகம். நீங்கள் இத்தாலிக்கு வரவே வேண்டியதில்லை.

வழக்கறிஞரைப் பிடிப்பது

இத்தாலிய நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்கக்கூடியவர் வழக்கறிஞர் கழகத்தில் பதிவான அவ்வொகாத்தோ மட்டும். "ஆலோசகர்", "குடியுரிமை நிறுவனம்" எல்லாம் காகிதம் சேர்க்கலாம், கையெழுத்துப் போட முடியாது. பெயரைத் தேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத் தேடலில் போட்டுப் பாருங்கள். நிறுவனம் வழியாகப் போனால், அதிகாரப் பத்திரத்தில் இருக்கும் அவ்வொகாத்தோ யார், அவருடன் நேரடியாகப் பேச முடியுமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் சந்திப்புக்குக் கொண்டுபோக வேண்டியது குடும்பக் கதை அல்ல. ஒரே பக்கத்தில் ஒவ்வொருவரின் பிறப்பு, திருமணம், வேறு குடியுரிமை எடுத்த நாள், இறப்பு. கையில் சான்று இருப்பவற்றுக்கு மட்டும் அடிக்கோடு.

எழுத்தில் கட்டண மதிப்பீடு தருவது இத்தாலியச் சட்டப்படி வழக்கறிஞரின் கடமை. அதில் இவை தனித்தனியாக வரவேண்டும்: வழக்கறிஞர் கட்டணம் ஆளுக்கா கோப்புக்கா, 4% வழக்கறிஞர் ஓய்வூதிய நிதி சேர்ந்ததா, 22% மதிப்புக் கூட்டு வரி உங்களுக்குப் பொருந்துமா, மொழிபெயர்ப்பும் அப்போஸ்டிலும் யார் செலவு, மேல்முறையீடு உள்ளதா, தனியா, தீர்ப்புக்குப் பிந்தைய நகராட்சிப் பதிவு உள்ளதா. இந்தக் கடைசி ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தீர்ப்பு வந்த பிறகு அது தனிப் பில்லாக வந்து நிற்கும். நீதிமன்றக் கட்டணம் 2025 முதல் மனுதாரர் ஒவ்வொருவருக்கும் 600 யூரோ, கோப்புக்கு ஒரு 27 யூரோ முத்திரைக் கட்டணம். முன்பு குடும்பத்தில் பத்துப் பேர் சேர்ந்தாலும் ஒரே கட்டணம்தான். இப்போது அண்ணன் தம்பி, பெரியம்மா பிள்ளைகள் சேர்வதால் மிச்சமாவது வழக்கறிஞர் கட்டணத்திலும் பொது ஆவணச் செலவிலும் மட்டும். வெற்றிக்கு உத்தரவாதம் என்று எழுதித் தருபவரிடம் போகவேண்டாம்.

அதிகாரப் பத்திரத்தை உங்கள் ஊர் நோட்டரி முன் கையெழுத்திட்டு, அப்போஸ்டில் வைத்து, மொழிபெயர்த்து அனுப்புங்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயரே எழுத்து மாறாமல் அதில் இருக்க வேண்டும். சிறுவருக்குத் தாய் தந்தை இருவரும் கையெழுத்திட வேண்டும். தாக்கலானதும் வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இருந்தால் நீதி அமைச்சின் கைபேசிச் செயலியில் விசாரணைத் தேதி நகர்வதை நீங்களே பார்க்கலாம். மூன்று மாதமாகியும் எண் வரவில்லையென்றால் வழக்கு தாக்கலாகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு வாசல் உள்ளவர்கள்

இத்தாலியில் பிறந்தவரோ, தொடர்ந்து 2 ஆண்டு அங்கே வசித்தவரோ பழைய சட்டத்தால் குடியுரிமையை இழந்திருந்தால், 2025 ஜூலை 1 முதல் 2027 டிசம்பர் 31 வரை ஓர் அறிவிப்பின் மூலம் மீட்டெடுக்கலாம். கட்டணம் 250 யூரோ. வெளிநாட்டில் இருக்கும் வயதான அம்மா அப்பாவுக்கு வழக்கைவிட இது மலிவு. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறப்பால் இத்தாலியராக இருந்தும் மேற்சொன்ன விலக்கு எதிலும் அடங்காதவர், இத்தாலியில் 2 ஆண்டு சட்டப்படி வசித்து விண்ணப்பிக்கலாம். அதற்கு மட்டும் பி-1 நிலை (இடைநிலை) இத்தாலிய மொழிச் சான்று வேண்டும்.

பலெர்மோ போன்ற ஊர்களில் வாழ்ந்து இத்தாலியக் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் மூன்றாவது விலக்கு நேரடியாகப் படும். குடியுரிமை கிடைத்த மறு மாதமே லண்டனுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பிறந்த பிள்ளை பிரிட்டிஷ் குடியுரிமையுடன் இருந்தால், முன்பு இத்தாலியில் இருந்த பத்துப் பதினைந்து ஆண்டு கணக்கில் வராது. எண்ணுவது குடியுரிமை கிடைத்த பிறகான 2 ஆண்டு மட்டும். போகும் முன் நகராட்சியில் வசிப்பு வரலாற்றுச் சான்றிதழ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தீர்ப்பு வந்த பின்

தீர்ப்பு அன்றே கடவுச்சீட்டுக்கு ஓட முடியாது. மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும்: தீர்ப்பை எதிர்த்தரப்புக்கு முறைப்படி அறிவித்தால் 30 நாள், அறிவிக்காவிட்டால் 6 மாதம். வழக்கறிஞர் அறிவித்தாரா என்று கேளுங்கள். ஐந்து மாதம் மிச்சமாகும். பிறகு தீர்ப்பு இறுதியானது என்ற சான்றுடன் உங்கள் பிறப்பு, திருமணப் பதிவுகள் மூதாதையின் நகராட்சிக்குப் போகும், அங்கே பதிவேட்டில் ஏறும். சிறிய ஊர்களில் இந்த வேலைக்கு ஒரே எழுத்தர்தான் இருப்பார், மாதங்கள் ஓடும். அதன் பிறகு துணைத் தூதரகத்தில் வெளிநாடுவாழ் இத்தாலியர் பதிவேடு, கடைசியில் கடவுச்சீட்டு. விவாகரத்தானவர்கள் அதன் தீர்ப்பையும் அப்போஸ்டில், மொழிபெயர்ப்புடன் இந்தக் கட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இத்தாலியப் பதிவேட்டில் பழைய திருமணம் உயிரோடு நிற்கும், மறுமணம் பதிவாகாது.